மஞ்சள் நிறக் குடும்பத்தின் வீட்டுக் கவலை எங்கே போயிற்று? – கேள்வி பதில்

'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் 1989 டிசம்பர் 17 அன்று பாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹோமர், அவர் மனைவி மார்ஜ், பத்து வயது பார்ட், எட்டு வயது லிசா, கைக்குழந்தை மேகி ஆகிய ஐவரும் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் வாழ்வதுதான் கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மாமா வீட்டில் இருந்த கட்டணத் தொலைக்காட்சி டீகோடர் வழியாக அதைப் பார்க்கத் தொடங்கினேன். வீடியோ கேசட்டில் பதிவுசெய்து நாடா தேயும்வரை பார்த்தேன். பிற்காலத்தில் வந்தவற்றையும் விடாமல் பார்த்தேன். இந்தத் தொடரின் தரம் ஏன் இறங்கியது என்று தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களில் இருக்கும் நம் தமிழ் வாசகர் வட்டத்தினர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

லெனேசியாவிலிருந்து ஒரு நண்பர்: அக்கா, பத்தாவது சீசனோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். வீழ்ச்சி தொடங்கிய நாள் என்று ஒன்றைக் குறிப்பிட முடியுமா?

ஒரு நாளைக் குறிப்பிடுவதைவிட இரண்டு குதிரைகளைக் காட்டுவது எனக்கு எளிது.

முதல் குதிரை 1991 நவம்பரில் வந்தது. பள்ளி விழாவில் சாக்ஸபோன் வாசிக்கவிருக்கும் லிசா, அதன் ஊதுவாயில் பொருத்தும் ரீடு ஒன்றை வாங்கிவரும்படி தந்தையிடம் கேட்கிறாள். வழியில் மதுக்கடையில் ஒரு குவளை குடிப்பதற்காக ஹோமர் நின்றுவிடுகிறார். அவர் வந்து சேர்வதற்குள் மகள் மேடையில் அவமானப்பட்டு முடிந்துவிடுகிறது. அவள் மனத்தைத் திரும்பப் பெறுவதற்காக, அவள் நெடுநாளாக ஏங்கிய குதிரைக்குட்டியை வாங்கிக் கொடுக்கிறார். லாயத்துக்கு மாதம் 500 டாலர் கட்ட வேண்டும். பகலில் அணுமின் நிலையம், நள்ளிரவு முதல் காலை எட்டு மணிவரை இந்தியக் கடைக்காரர் அப்புவின் கடை என்று இரண்டு வேலை பார்த்து, தூங்கிக்கொண்டே கார் ஓட்டும் நிலைக்கு வந்துவிடுகிறார். தந்தை படும் பாட்டை மார்ஜ் சொல்லத்தான் லிசாவுக்குத் தெரிகிறது. அவள் குதிரையிடம் விடைபெற்றுக்கொண்டு நேராகக் கடைக்குப் போகிறாள்; ஹோமர் வேலையை விட்டுவிட்டு மகளை முதுகில் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடக்கிறார். தூங்கினாலும் திருடினாலும் வாடிக்கையாளரிடம் முகம் சுளித்தாலும், இப்படியொரு வேலையாள் எந்தக் கடைக்கும் கிடைத்ததில்லை என்று அப்பு வாசலைப் பார்த்தபடி சொல்கிறார்.

இரண்டாவது குதிரை 2000 பிப்ரவரி 6 அன்று வந்தது. அது பந்தயக் குதிரை. ஹோமரும் பார்ட்டும் அதைப் பழக்கிப் போட்டியில் ஓடவிடுகிறார்கள்; குதிரையோட்டிகள் எல்லாரும் நிலத்தடியில் வாழும் குள்ள இனத்தார் என்று தெரியவருகிறது; அவர்கள் ஹோமரை மிரட்டுகிறார்கள். இந்தக் குடும்பம் முன்பே ஒரு குதிரை வளர்த்ததே என்று காமிக்ஸ் கடைக்காரர் நடுவில் வந்து நினைவூட்டுகிறார். இவர் என்ன நினைக்கிறார் என்று யாருக்காவது அக்கறை உண்டா என ஹோமர் கூட்டத்தைக் கேட்க, 'இல்லை' என்று கூட்டம் கத்துகிறது.

எனக்கு வலித்தது அந்த இடம்தான். குள்ளர்கள் வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அரைத்த மாவையே அரைக்கிறோம் என்று எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அதை நினைவில் வைத்திருக்கும் பார்வையாளரைப் பார்த்து உன் நினைவுக்கு இங்கே மதிப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். முதல் குதிரைக்குத் தீனி போட்டது ஒரு தந்தையின் தூக்கம். இரண்டாவது குதிரைக்கு யார் தீனி போட்டார்கள் என்று கதைக்குள் ஒருவரும் கவலைப்படவில்லை. வீட்டுச் செலவு, வேலை, ஒருவருக்கொருவர் செய்த தவறுக்கு ஈடு என்று அந்தக் குடும்பத்துக்கு இருந்த கவலைகள் கதையை விட்டு விலகிய வேகத்தில்தான் தரமும் இறங்கியது. இதுதான் என் முடிவு. மற்றக் கேள்விகளுக்கும் இதை வைத்துத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

அதற்கடுத்த வாரமே, பிப்ரவரி 13 அன்று, பக்கத்து வீட்டு மாட் ஃப்ளாண்டர்ஸ் பந்தய மைதானத்தில் தவறி விழுந்து இறந்தார். அவருக்குக் குரல் கொடுத்தவர் ஊதியப் பிணக்கினால் தொடரை விட்டு விலகியிருந்தார். ஒரு தாயின் சாவுக்கு இதுவே பின்னணி என்று தெரிந்த பிறகு அந்த எபிசோடைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, துக்கமும் வரவில்லை.

டொங்காட்டிலிருந்து: ஒன்பதாவது சீசன் முதல் பன்னிரண்டாவது வரை பொறுப்பேற்ற மைக் ஸ்கல்லிதான் தொடரைக் கெடுத்தார் என்கிறார்களே, உண்மையா?

முழுப் பழியையும் அவர் தலையில் சுமத்துவது நியாயமில்லை. தொடரின் முதல் பெரிய உடைப்பு என்று பலரும் சுட்டுவது 1997 செப்டம்பர் 28 அன்று வந்த எபிசோடை. எட்டு ஆண்டுகளாக நாம் அறிந்த தலைமையாசிரியர் ஸ்கின்னர் உண்மையான ஸ்கின்னரே அல்லர், வேறொருவரின் பெயரில் வாழ்ந்தவர் என்று அது சொன்னது. முடிவில் ஊரார் கூடி, இனி இதைப் பற்றிப் பேசவே கூடாது என்று தீர்மானித்துவிடுகிறார்கள். ஸ்கின்னருக்குக் குரல் கொடுக்கும் ஹாரி ஷியரரே அந்தக் கதையை வெளிப்படையாகக் கண்டித்தார். ஒளிபரப்பானது ஸ்கல்லியின் காலத்தில்தான். ஆனால் அதைத் தயாரித்து முடித்தது அவருக்கு முன் பொறுப்பில் இருந்த பில் ஓக்லியும் ஜோஷ் வைன்ஸ்டைனும். அதே ஸ்கல்லிதான் 1994இல், பார்ட்டும் லிசாவும் ஐஸ் ஹாக்கியில் எதிரெதிர் அணியில் நின்று, ஊரே வெறிகொண்டு கத்தும்போது மட்டைகளைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிக்கொள்ளும் எபிசோடையும் எழுதினார். அதை எழுதிய கைக்குக் குடும்பம் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்குப் பெரிதாகத் தெரியும் காரணம் ஆட்கள் கரைந்துபோனது. மாட் க்ரோனிங், ஜேம்ஸ் எல். ப்ரூக்ஸ் ஆகியோருடன் சேர்ந்து தொடரை உருவாக்கிய சாம் சைமன், முதல் எழுத்தாளர் குழுவைத் திரட்டியவர். அவர் 1993இல் விலகினார். எழுத்தாளர் கோனன் ஓ'பிரையன் அதே ஆண்டில் இரவு நிகழ்ச்சி நடத்தப் போய்விட்டார். 1998 மே மாதத்தில் ஃபில் ஹார்ட்மன் கொல்லப்பட்டார். அவர் குரலில் வாழ்ந்த வழக்கறிஞர் லையனல் ஹட்ஸும் நடிகர் டிராய் மெக்ளூரும் அத்துடன் ஓய்ந்தார்கள். கதை விவாதத்தில் நால்வர் எழுந்து போனால் நாற்காலிகளை நிரப்பிவிடலாம். இது ஹோமர் செய்யக்கூடியது அன்று என்று கையுயர்த்திச் சொல்லும் ஆளை அவ்வளவு எளிதில் நிரப்ப முடியாது.

வெருலத்திலிருந்து ஒரு சகோதரி: என் தந்தை முப்பது ஆண்டுகள் டீரூம் என்ற மூலைக்கடை நடத்தினார். பள்ளியில் என்னையும் என் தம்பியையும் 'அப்பு' என்று கூப்பிட்டு, கடைக்காரர் அப்பு சொல்லும் 'நன்றி, மீண்டும் வருக' என்பதை அதே இழுவையோடு சொல்லிச் சிரிப்பார்கள். ஆனாலும் வீட்டில் நாங்கள் அப்புவை விரும்பித்தான் பார்த்தோம். அந்தப் பாத்திரத்தை என்ன செய்வது, அக்கா?

அம்மா, உங்கள் தந்தை காலை ஐந்து மணிக்கு ரொட்டி வண்டிக்காகக் கதவைத் திறந்திருப்பார். இரவு கடைசிப் பேருந்து போன பிறகுதான் மூடியிருப்பார். உங்களுக்குள் இருக்கும் இரண்டு உணர்ச்சிகளும் நியாயமானவை. அவற்றில் ஒன்றை விட்டால்தான் இன்னொன்று நிலைக்கும் என்பதில்லை.

அப்புவுக்குக் குரல் கொடுத்த ஹாங்க் அசாரியா இந்தியர் அல்லர். அப்புவின் நீண்ட குடும்பப்பெயர் நம் வீடுகளில் கேட்டிராத, கேட்டவர் சிரிக்கும்படி நீண்ட ஓசை. கப்பல் பதிவேட்டில் கவுண்டர் 'கோவெண்டர்' ஆகிப்போன நம் மக்களுக்கு, பெயரை வைத்துச் சிரிப்பது எவ்வளவு பழைய பழக்கம் என்று விளக்க வேண்டியதில்லை. இந்தக் குறை முதல் நாளிலிருந்தே இருந்தது. தொண்ணூறுகளின் நல்ல எபிசோடுகளிலும் இருந்தது.

ஆனால் அந்தக் குறைக்கு நடுவிலும் எழுத்தாளர்கள் ஒரு மனிதனைப் படைத்தார்கள். 1996 மே மாதத்தில் வந்த குடியுரிமை எபிசோடை மறுபடி பாருங்கள். ஊருக்குள் ஒரு கரடி வந்துவிடுகிறது. விரட்டக் காவல் படை வைக்கிறார்கள். அதற்கு வரி போடுகிறார்கள். வரி கசந்ததும், எல்லாவற்றுக்கும் குடியேறிகளே காரணம் என்று மேயர் திசைதிருப்பிவிடுகிறார். வெளியேற்றப்படும் அச்சத்தில் போலிப் பத்திரம் வாங்கிய அப்பு, தன் தாய் தந்தையரை மறுத்துவிட்ட வெட்கம் தாளாமல் அதைக் கைவிட்டு முறைப்படி தேர்வு எழுதுகிறார். உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று தேர்வாளர் கேட்க, பொருளாதாரக் காரணங்கள், உள்நாட்டுப் பிளவுகள் என்று அப்பு விரிவாகத் தொடங்குகிறார்; அடிமை முறை என்று மட்டும் சொல் என்று தேர்வாளர் அலுத்துக்கொள்கிறார். அந்த நாட்டின் வரலாற்றை அந்நாட்டாரைவிட நன்றாகப் படித்துவைத்திருப்பவர் குடியேறிதான் என்பதை அந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது. 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளான நம் முன்னோரின் முதல் கப்பல் டர்பனுக்கு வந்து, நூறு ஆண்டுகள் கழித்து 1961இல்தான் நம்மை இந்நாட்டின் நிலையான மக்கள் என்று அரசு ஏற்றுக்கொண்டது. அதுவரை திருப்பி அனுப்பப்பட வேண்டியவர்கள் என்றே நம்மைக் கணக்கில் வைத்திருந்தார்கள். என் பாட்டி அந்த எபிசோடைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆங்கிலம் பாதி புரியாமலே, அப்பு தேர்வில் தேறியதும் கைகூப்பினார்.

பிறகு என்ன ஆயிற்று? 1999 நவம்பரில் அப்புவுக்கும் மஞ்சுளாவுக்கும் ஒரே பிரசவத்தில் எட்டுக் குழந்தைகள் பிறந்து, விலங்குக் காட்சிச் சாலையில் காட்சிப்பொருளாயின. 2002இல் கள்ள உறவுக் கதை. ஆள் கரைந்துகொண்டே போனார், உச்சரிப்பு மட்டும் மிஞ்சியது. 2017இல் ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவையாளர் ஆவணப்படம் எடுத்து, நம்மைப் போன்ற பிள்ளைகள் பட்ட கேலியைப் பொதுவெளியில் வைத்தார். தொடர் அதற்கு 2018 ஏப்ரலில் தந்த பதில் என்னை வருத்தப்படுத்தியது. பல ஆண்டுகளுக்கு முன் எல்லாரும் பாராட்டிய ஒன்று இன்று தவறாகிவிட்டால் என்ன செய்வது என்று லிசா கேட்டு, கட்டிலருகே உள்ள அப்புவின் படத்தைப் பார்க்கிறாள். சில விஷயங்களைப் பிறகு கவனிப்போம் என்கிறார் மார்ஜ். கவனித்தால்தான் என்கிறாள் லிசா. ஊரில் அநியாயம் எங்கே நடந்தாலும் முதலில் எழுந்து நின்ற பெண் லிசா. அந்தப் பெண்ணின் வாயில் இப்படியொரு தட்டிக்கழிப்பை வைத்தார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

அசாரியா 2020இல் அந்தக் குரலை விட்டார். மறு ஆண்டு பொதுவெளியில் மன்னிப்பும் கேட்டார். அதை நான் மதிக்கிறேன். தொடரோ அப்புவுக்கு வேறொரு குரலையும் புதிய கதையையும் தேடித் தராமல் அவரை ஊமையாக்கி ஓரத்தில் நிறுத்திவிட்டது. நம் வீடுகளில் பிறந்த ஓர் எழுத்தாளரிடம் அந்தப் பாத்திரத்தைக் கொடுத்திருந்தால், உங்கள் தந்தையின் டீரூம் கதைகள் பத்தாவது அதில் வந்திருக்கும்.

மெரிபேங்கிலிருந்து: எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மூன்று கண் மீன் கதையை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. இப்போது அப்படி ஏன் எழுதுவதில்லை?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1990 நவம்பர் 1 அன்று வந்த கதை அது. அணுமின் நிலையத்தின் கழிவு கலந்த நீரில் மூன்று கண்ணுள்ள மீன் ஒன்றை பார்ட் பிடிக்கிறான். ஆய்வாளர்கள் வந்ததும், முதலாளி பர்ன்ஸ் ஆலையைச் சீர்செய்வதற்குப் பதிலாக ஆளுநர் தேர்தலில் நிற்கிறார். தேர்தலுக்கு முந்தைய இரவு, எளிய தொழிலாளியோடு உணவருந்தும் காட்சிக்காகக் கேமராக்களோடு ஹோமர் வீட்டுக்கு வருகிறார். மார்ஜ் ஒன்றும் பேசாமல் அந்த மூன்று கண் மீனையே சமைத்து, தலையோடு தட்டில் வைக்கிறார். பர்ன்ஸ் ஒரு துண்டை வாயில் வைத்து, விழுங்க முடியாமல் எல்லார் முன்னிலையிலும் துப்பிவிடுகிறார். தேர்தல் அங்கேயே முடிந்துபோகிறது.

சமையலறையில் நிற்கும் ஒரு பெண்ணிடம் இருந்த ஒரே ஆயுதம் சாப்பாட்டுத் தட்டு. அதைக்கொண்டே அவர் வென்றார். கணவரின் சம்பளம் அந்த முதலாளியின் கையில் இருப்பது தெரிந்தும் அதைச் செய்தார். அந்த ஆபத்து கதைக்குள் இருந்ததால்தான் நையாண்டிக்குக் கூர்மை வந்தது. பிற்காலத்தில் ஹோமர் பாடகராகிறார், நாளுக்கொரு தொழில் பார்க்கிறார். மறுவாரம் அணுமின் நிலைய நாற்காலி அவருக்காகக் காலியாகவே காத்திருக்கிறது. வேலை போகாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்ட வீட்டில், முதலாளியை எதிர்ப்பதற்குத் துணிவு தேவையில்லை. ஊரில் உடம்பு கெட்டால் ஆலையைக் குறை சொல்லலாமா, சொன்னால் அண்ணனுக்கு வேலை நிலைக்குமா என்று யோசித்தவர்கள் மெரிபேங்கில் எத்தனை வீடுகளில் இருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்பு மாணவன் ஒருவன்: ஆசிரியை அம்மா, தொல்காப்பியத்தில் சிரிப்பைப் பற்றி இருக்கிறது என்று வகுப்பில் சொன்னீர்கள். அதை இந்தத் தொடருக்குப் பொருத்த முடியுமா?

முடியும், தம்பி. மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்பது பிறரை இகழ்ந்து சிரிப்பது. இளமை என்பது பிள்ளைத்தனம். பேதைமை அறியாமை. மடன் என்பது ஒருவர் சொன்னதை அப்படியே நம்பிப் பிடித்துக்கொள்வது.

முதல் எட்டு சீசன்களில் இந்த நான்கும் இருந்தன. பார்ட்டின் குறும்பு இளமை. ஹோமரின் சிரிப்பு பேதைமையிலிருந்து வந்தது. தெரியாமல் தவறு செய்தார், தெரிந்ததும் வருந்தினார். மடனுக்கு 1993 ஜனவரியில் கோனன் ஓ'பிரையன் எழுதிய மோனோரயில் கதையைச் சொல்வேன். அணுக்கழிவைக் கொட்டியதற்காக பர்ன்ஸ் கட்டிய 30 லட்சம் டாலர் அபராதத்தை என்ன செய்வது என்று ஊர் கூடிப் பேசுகிறது. குண்டும் குழியுமான முதன்மைச் சாலையைச் செப்பனிடலாம் என்று மார்ஜ் சொன்னதை எல்லாரும் ஒப்புக்கொள்ளப்போகும் நேரத்தில், ஓர் ஏமாற்றுக்காரன் எழுந்து பாடி ஆடி அத்தனை பணத்தையும் மோனோரயிலுக்கு மாற்றிவிடுகிறான். இதைப் பார்த்து நம் ஊர் நகராட்சிக் கூட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளாதவர் அரிது.

அதே மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் இடங்களையும் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானம், இழப்பு, தளர்ச்சி, இல்லாமை. குதிரைக்குட்டிக் கதையை இப்போது எண்ணிப்பார். மேடையில் லிசா பட்டது இளிவு; இரவு வேலையில் ஹோமரின் உடல் தளர்ந்தது அசைவு; மாதம் 500 டாலர் இல்லாதது வறுமை; குதிரையைப் பிரிந்தது இழவு. அழுகையின் நான்கு இடங்களும் அந்த ஒரே கதைக்குள் அடியில் கிடக்க, மேலே பேதைமையின் சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் அடியில் கிடந்தவற்றை எடுத்துவிட்டார்கள். மேலே இருந்தவற்றிலும் பேதைமை போய் எள்ளல்தான் எஞ்சியது. ஹோமர் தெரிந்தே பிறரைத் துன்புறுத்துபவராக, அதற்காக வருந்தாதவராக மாறியது அப்போதுதான்.

லாடியமிலிருந்து: பிரபலங்கள் வந்து போவது தொடக்கத்திலிருந்தே உண்டே. அதிலென்ன தவறு?

வந்ததில் தவறில்லை. 1991இல் டஸ்டின் ஹாஃப்மன் வந்தார். தம் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், லிசாவின் தற்காலிக ஆசிரியராகக் குரல் கொடுத்தார். ஊரை விட்டுப் போகும் ஆசிரியர், தன்னந்தனியாக உணரும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கும்படி ரயில் நிலையத்தில் லிசாவின் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுக்கிறார். 'நீ லிசா சிம்ப்சன்' என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. நான் ஆசிரியையானதற்கு அந்தச் சீட்டும் ஒரு காரணம்.

உங்கள் பிரிட்டோரியாவில் பிறந்த இலான் மஸ்க் 2015 ஜனவரியில் வந்தது தம் பெயரிலேயே. விண்கலத்தில் இறங்கினார், ஊரார் வியந்தார்கள், அவரைச் சுற்றியே கதை நடந்தது. பணமும் புகழும் உள்ளவரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த தொடர் அவருக்கு மேடை போட்டுக் கொடுத்ததைப் பார்த்தேன். எள்ளல் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் அது இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பெரியவர்: எல்லாருக்கும் தம் இளமைக்காலத்துப் பாட்டுத்தான் இனிக்கும். நமக்கு வயதாகிவிட்டது என்பதுதான் உண்மையான காரணம் இல்லையா, அம்மா?

ஐயா, இந்தக் கேள்வியை நானே எனக்குப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். 2022 மே மாதத்தில் டிஸ்னி பிளஸ் நம் நாட்டுக்கு வந்தபோது, அதுவரை இந்தத் தொடரைப் பார்த்திராத என் அண்ணன் மகள் அதில் ஏதேதோ எபிசோடுகளை முன்பின்னாகப் பார்க்கத் தொடங்கினாள். அவளுக்கு எது பழையது, எது புதியது என்று தெரியாது, நானும் சொல்லவில்லை. சில மாதங்களில் அவள் திரும்பத் திரும்பப் பார்த்தவை பெரும்பாலும் 1991 முதல் 1997 வரை வந்தவை. ஒரு பிள்ளையை வைத்து உலகத்தை நிறுவ முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவளுக்கு என் இளமை நினைவில்லையே.

அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டிய காட்சி 1995 ஜனவரி எபிசோடில் வருகிறது. கடன் தீர்ந்த மகிழ்ச்சியில் ஹோமர் அணுமின் நிலைய வேலையை உதறிவிட்டு, தமக்குப் பிடித்த பவுலிங் கூடத்தில் சேர்கிறார். மார்ஜ் மூன்றாவது குழந்தையைச் சுமக்கிறார் என்று தெரியவருகிறது. அந்தச் சம்பளம் போதாது. திரும்பிப்போய்க் கெஞ்சி வேலை கேட்கும்போது, அவர் மேசைக்கு எதிரே பர்ன்ஸ் ஒரு பலகையை மாட்டுகிறார்: 'மறந்துவிடாதே, நீ என்றென்றும் இங்கேதான்'. வீட்டு ஆல்பத்தில் மேகியின் படம் ஒன்றுகூட இல்லையே என்று பிள்ளைகள் கேட்டதற்கு விடை கடைசியில் வருகிறது. அவ்வளவு படங்களும் அந்தப் பலகையின் மேல் ஒட்டப்பட்டிருக்கின்றன. சில எழுத்துகள் மறைந்து, மிஞ்சியவை 'அவளுக்காகச் செய்' என்று நிற்கின்றன.

என் தந்தை சர்க்கரை ஆலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் இரவு ஷிஃப்ட் பார்த்தவர். அவருடைய சாப்பாட்டுத் தூக்கின் மூடிக்குள் எங்கள் மூவரின் பள்ளிப் படங்களும் ஒட்டியிருந்தன. நான் கலங்கியதற்கு அது காரணமாக இருக்கலாம். பதினான்கு வயதுப் பெண் ஏன் கலங்கினாள் என்பதற்கு எழுத்தின் வலிமையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேப் டவுன், ரைலாண்ட்ஸிலிருந்து: படம் வரையும் முறை மாறியதுதான் காரணமா?

சிறு காரணம். 2002இல் செல்லுலாய்டு தாளில் கையால் வண்ணம் தீட்டுவதை விட்டுக் கணினிக்குப் போனார்கள். 2009இல் உயர்தெளிவுப் படமாயிற்று. கோடுகள் சுத்தமாயின, முகங்கள் சற்று விறைத்தன. ஆனால் முதல் சீசனின் படங்கள் கோணல்மாணலாக இருந்தும் நாம் பார்த்தோமே. குரல்கள் முதுமையடைந்தது இதைவிடப் பெரியது. மார்ஜுக்குக் குரல் கொடுக்கும் ஜூலி காவ்னர் 1950இல் பிறந்தவர். முப்பத்துநான்கு வயதுப் பெண்ணான மார்ஜின் குரலில் அந்த ஆண்டுகள் கேட்கின்றன. பார்ட்டின் நண்பன் மில்ஹவுஸுக்குக் குரல் கொடுத்த பமேலா ஹேடன் 2024இல் ஓய்வு பெற்றார்.

ஃபீனிக்ஸிலிருந்து: முப்பத்தைந்து ஆண்டுகளாகியும் பார்ட்டுக்குப் பத்து வயதுதான். இதனால் கதை கெடாதா?

வயது ஏறாததால் கெடவில்லை. பின்கதையை மாற்றியதால்தான் கெட்டது. 1991இல் வந்த கதைப்படி ஹோமரும் மார்ஜும் 1974இல் பள்ளி இறுதி வகுப்பில் சந்தித்தவர்கள். 2008 ஜனவரியில் வந்த கதை அவர்களுடைய காதல் காலத்தைத் தொண்ணூறுகளுக்குத் தள்ளிவைத்தது. இதே தொடர் ஒளிபரப்பான ஆண்டுகள் அவை. நாம் கூடவே இருந்து பார்த்த திருமண வாழ்க்கை நடக்கவேயில்லை என்றாகிவிட்டது. பல ஆண்டுகளாக ஒரு குடும்பத்தோடு பழகியவருக்கு, குதிரைக்கதையில் சொன்ன அதே அவமதிப்புத்தான் இதுவும்.

ஸ்டாங்கரிலிருந்து: பிறகு ஏன் நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள்?

வருமானம். 1990 அக்டோபரில் பார்ட் தேர்வில் தோற்கும் எபிசோடை அமெரிக்காவில் 3 கோடியே 36 லட்சம் பேர் பார்த்தார்கள். இன்று ஒளிபரப்பின்போது பார்ப்பவர்கள் அதில் சிறு பங்குதான். ஆனால் பழைய எபிசோடுகளும் பொம்மைகளும் உரிமைகளும் பணம் தருகின்றன. 2019இல் டிஸ்னி வாங்கியபின் அந்த மதிப்பு கூடியது. 2018 ஏப்ரலில் 636ஆவது எபிசோடோடு, 'கன்ஸ்மோக்' என்ற பழைய அமெரிக்கத் தொடரை எபிசோடு எண்ணிக்கையில் தாண்டிய பெருமையும் இருக்கிறது. 2025இல் நாற்பதாவது சீசன்வரை நீட்டிப்பு அறிவித்துவிட்டார்கள்.

இசிப்பிங்கோவிலிருந்து ஒரு தாய்: என் பன்னிரண்டு வயது மகளோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது? புதியவற்றில் ஒன்றுகூடத் தேறாதா, அக்கா?

மூன்றாவது சீசனில் தொடங்கி எட்டாவதுவரை வரிசையாகப் பாருங்கள். இரண்டாவதில் மீன் கதை, ஆசிரியரின் சீட்டுக் கதை ஆகிய இரண்டையும் அதற்கு முன்பே காட்டிவிடுங்கள். எட்டாவதின் கடைசிப் பகுதியில் வரும் ஃப்ராங்க் கிரைம்ஸ் கதையை மட்டும் நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். உழைத்தும் ஒன்றும் கிடைக்காத ஒருவர், ஹோமருக்குக் கிடைத்த வாழ்வைக் கண்டு மனம் பிறழ்ந்து இறக்கும் கதை அது. பெரியவர்களுக்கே அது கனமானது.

புதியவற்றில் தேறியவை உண்டு. 2021இல் மாட் செல்மன் பெரும்பாலான எபிசோடுகளின் பொறுப்பை ஏற்ற பிறகு மாற்றம் தெரிகிறது. 2022 பிப்ரவரியில் ஹோமரும் மார்ஜும் பனிக்காட்டில் கார் கவிழ்ந்து, உடையும் இல்லாமல், ஒருவரையொருவர் பிழைக்கவைக்கும் கதை வந்தது. இரண்டே பேர், பசி, குளிர், நீண்ட மணவாழ்க்கை; அவ்வளவுதான் அதில் இருக்கிறது, அவ்வளவு போதுமாயிருந்தது. 2024 ஏப்ரலில், முதல் சீசனிலிருந்து மதுக்கடை மூலையில் அதிகம் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்த லாரி இறந்துபோனார். பக்கத்து நாற்காலிகளில் குடித்துக்கொண்டிருந்த ஹோமருக்கும் நண்பர்களுக்கும், அவருடைய சாம்பலைக் கையில் வாங்கியபோதுதான் அவரைப் பற்றித் தங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்பது உறைக்கிறது. அதைப் பார்த்த இரவு, கேசட் காலத்து முதல் எபிசோடைத் தேடி எடுத்துப் போட்டேன். லாரி அதே மூலையில் உட்கார்ந்திருந்தார்.